ஒரு பவுண்டு அரிசியில் எத்தனை நாள் உழைக்க முடியும்?

கொஞ்சம் நீளமான இழை இது. எடையைக் குறைக்க ஆரம்பிச்சு பாதியில நின்னு போனவங்க, வீட்டுல அப்படி ஒருத்தரை வச்சிருக்கிறவங்க பொறுமையா வாசிங்க. பாதிக் கதை தாது வருஷப் பஞ்சத்துல நடக்குது. ஏன் அங்க போறேன்னு போகப்போகப் புரியும்.

போன மாசம் கருங்கல்ல ஓ.பி.யில ஒரு அக்கா வந்தாங்க. வயசு நாற்பத்தாறு. சுகர் இருக்கு. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) முதல் நாலு மாசத்துல 84 கிலோவிலிருந்து 78-க்கு இறங்கினவங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசமா முள் அசையலை.

"காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, ராத்திரி ஒரு கோதம்பு தோசை. இவ்வளவுதான் டாக்டரே. பின்னயும் கொறையல்லியே. நான் பொய் சொல்லுதேன்னு மட்டும் நெனைக்காதீங்க."

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தொட்டுச்சு. அதைக் கேக்காமலே அவங்க சொன்னாங்கன்னா, வேற யாரோ ஏற்கனவே அவங்களைப் பொய்க்காரி ஆக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

நானும் அதைச் செஞ்சவன்தான். எம்.பி.பி.எஸ். முடிச்ச புதுசுல, வேற ஊர்ல வேலை. இதே மாதிரி ஒரு அம்மா. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. "ஒழுங்கா கணக்கைச் சொல்லுங்கம்மா. காத்தைக் குடிச்சு யாருக்கும் உடம்பு வைக்காது"ன்னு சொல்லிட்டேன். பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. அந்த அம்மா சீட்டை நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு எழுந்து போனாங்க. அப்புறம் வரவே இல்லை.

ஒரு உடம்பு எவ்வளவு சாப்பாட்டுல ஓடும் என்பதை, அந்த உடம்புக்குச் சொந்தக்காரரைக் கேக்காம மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து தீர்மானிக்கிறது பழைய வியாதி. அதோட பெரிய வரலாறு நம்ம தமிழ் மண்ணுலதான் இருக்கு.

1876-ல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கர்நூல், கடப்பை தொடங்கி வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் வரை பஞ்சம். பக்கத்தில் மைசூர். தமிழில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது இதைத்தான். நம்ம பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானம். (தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்.)

1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கிறார்கள். அதே மாதம் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்புகிறார். செலவைக் குறைக்கணும், அதுதான் வேலை.

டெம்பிளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மூணு வருஷம் முன்னாடி, 1873-74 பிஹார் பஞ்சத்தில், இதே மனுஷன் பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி பண்ணி ஏராளமான உயிர்களைக் காப்பாத்தினவர். சாவு மிகக் குறைவு. அதுக்குக் கிடைச்ச பரிசு என்ன தெரியுமா? 'இவ்வளவு செலவு எதுக்கு' என்ற திட்டு. சென்னைக்கு வரும்போது அந்தத் திட்டு அவர் மண்டையில் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

வந்தவர் பஞ்ச நிவாரண வேலையில் இருந்த ஆண் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா என்று நிர்ணயிச்சார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. வேலை என்றால் கல் உடைக்கிறது, மண் சுமக்கிறது, கால்வாய் வெட்டுறது. சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் வெட்டினதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். அரிசியாக வச்சுக்கிட்டா 1,600 கலோரிக்குப் பக்கம் வரும். கூட வர ஒரு அணாவில் பஞ்ச விலைக்கு உப்பு, மிளகாய் வாங்கி, விறகும் வாங்கணும். இன்றைக்கு ஐ.சி.எம்.ஆர். கடும் உடல் உழைப்பு செய்யும் 65 கிலோ ஆணுக்குச் சொல்லும் தேவை 3,470 கலோரி. அந்தக் கூலிகள் 65 கிலோ இருந்திருக்க மாட்டாங்க, ஐம்பதுக்கும் கீழேதான் பலர் இருந்திருப்பாங்க. அப்படியே குறைச்சுப் போட்டாலும் ஒரு பவுண்டு எட்டாது. அன்றைக்கு ஜெயில் கைதிக்குக் கொடுத்த உணவே இதைவிட அதிகம்.

இதை எதிர்த்து நின்னவர் ஒரு அரசு டாக்டர். சென்னை மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். (அரசு டாக்டர் என்பதால் எனக்கு ஒரு தனிப் பிரியம், மன்னிச்சுக்குங்க.) இவர் எதையும் சும்மா சொன்னவர் இல்லை. 1863-லேயே சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுறாங்க, ஜில்லா ஜெயில்களில் என்ன கொடுக்கிறாங்கன்னு விவரம் திரட்டி அறிக்கை போட்டவர். உழைக்கிற ஆளுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேணும் என்றார்.

டெம்பிளின் நிலை, சோதனையா செஞ்சுதான் பார்ப்போமே என்பது. நடந்ததும் அதுதான். லட்சக்கணக்கான பேரை வச்சு ஒரு சோதனை.

இப்போ நான் சொல்ல வந்த இடம்.

ஒரு பவுண்டு கொடுத்த மறுநாள் யாரும் விழுந்து சாகலை. அடுத்த வாரமும் இல்லை. ஆளுங்க மெலிஞ்சாங்க, மெதுவா நடந்தாங்க, ஆனா நடந்தாங்க. மேலிருந்து பாக்குறவருக்கு 'பாரு, ஓடுதே' என்று தோணும். உடம்பு பட்டினியை மறைக்கும். இருப்பதைச் சிக்கனமா செலவு பண்ணி நாளை ஓட்டும். அந்தச் சிக்கனத்தைப் பார்த்துட்டு 'இவங்களுக்கு இதுவே போதும்'னு முடிவுக்கு வந்துடலாம்.

1877 மார்ச்சில் சென்னை அரசு இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கூட ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கார்னிஷ் கேட்டதுக்குப் பாதி வழி. அதுக்குள்ள பல உடம்புகள் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போயிருந்துச்சு. பஞ்சம் முடியும்போது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் சாவு 50 லட்சத்துக்கு மேல்.

அதில் பெரும்பாலானவர்கள் 'பட்டினி' என்று எழுதப்பட்டுச் சாகவில்லை. காலரா, வயிற்றுப்போக்கு, சீதபேதி, காய்ச்சல். கடைசியில் வந்த கிருமி பேர்ல பழி. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை நூற்றுக்கணக்கில் பிரேதப் பரிசோதனை செய்த அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற டாக்டர் 1889-ல் சென்னைப் பஞ்ச நோய்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். வெளியே தெரியும் கொழுப்பும் தசையும் மட்டுமில்லை, உள்ளே இருக்கும் உறுப்புகளே சுருங்கிப் போயிருந்தன.

அந்தச் சிக்கனம் உடம்புக்குள்ள எப்படி நடக்குது? இதுக்குப் பதில் வர இன்னும் அறுபத்தெட்டு வருஷம் ஆச்சு. அதுவும் ஒரு பஞ்சக் காலம்தான்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்த அரிசி நின்னு போச்சு. திருவிதாங்கூர் சாப்பாட்டுக்குப் போதுமான நெல் விளையாத சமஸ்தானம், பர்மா அரிசியை நம்பி இருந்தது. எங்க பாட்டி அந்தக் காலத்தைப் பத்திப் பேசும்போது அரிசி என்ற சொல்லையே ஏதோ சொந்தக்காரர் பேர் மாதிரிதான் சொல்வாங்க. காப்பாத்தினது மரச்சீனி. விசாகம் திருநாள் மகாராஜா (1880-85) ஊக்குவிச்ச அந்தக் கிழங்குதான் யுத்த காலத்தில் நம்ம பக்கத்து வீடுகளில் அடுப்பு எரிய வச்சது. நூறு கிராம் கிழங்கில் சுமார் 160 கலோரி. டெம்பிளின் ஒரு பவுண்டு அரிசிக்கு ஈடா ஒரு கிலோ கிழங்கு தின்னணும். புரதம் அதில் நூற்றுக்கு ஒரு கிராம் அளவுதான், அதனாலதான் கூட மீன் வேணும். கிழங்கும் மீனும் நமக்கு ருசி மட்டுமில்லை, கணக்கும் சரியா வரும்.

அதே சமயம், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்துக்கு அடியில் இருந்த ஆய்வகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு ஆய்வைத் தொடங்கினார். யுத்தம் முடிஞ்சதும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவங்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்பது கேள்வி. மனசாட்சி காரணமா யுத்தத்துக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களா முன்வந்தாங்க. முதல் 12 வாரம் நல்ல சாப்பாடு. அடுத்த 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்கணும்.

அரைப்பட்டினியில் கொடுத்த கலோரி சராசரி 1,570.

அந்த எண்ணைப் பார்த்தப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன். டெம்பிளின் ஒரு பவுண்டும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே வித்தியாசம், மினசோட்டாவில் மெத்தை, வெந்நீர், காலரா இல்லாத தண்ணி, தினமும் எடை பார்க்க டாக்டர்கள்.

என்ன ஆச்சு? ஆறு மாசத்தில் உடம்பு எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. ஆனா நேர்கோட்டில் இறங்கலை. முதலில் வேகமா, அப்புறம் மெதுவா, கடைசி வாரங்களில் ஏறக்குறைய நின்னே போச்சு. அதே 1,570 கலோரிதான். முதல் மாசம் அது பட்டினி, கடைசி மாசம் அதுவே சமநிலை. உடம்பு தன் செலவை வரவுக்குச் சமமா இறக்கிடுச்சு.

செலவுன்னா என்னன்னு ஒரு வார்த்தை. நாம அசையாம கிடந்தாலும் இதயம் துடிக்க, மூளை ஓட, கல்லீரல் வேலை செய்ய, உடம்பு சூடு தணியாம இருக்க ஆற்றல் வேணும். இதை பி.எம்.ஆர். என்கிறோம். நாள் முழுக்க நாம செலவழிக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இதுதான். மினசோட்டா பையன்களுக்கு இது சுமார் 40 சதவீதம் குறைஞ்சது. பெரும்பங்கு, உடம்பே சின்னதா ஆனதால. சின்ன வீட்டுக்குக் கரண்ட் பில் குறைவு, அவ்வளவுதான். ஆனா மிச்சம் இருந்த ஒவ்வொரு கிலோ திசுவும் முன்னைவிடச் சிக்கனமா ஓடுச்சு. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு நாற்பதுக்கும் கீழே போச்சு. ஜூலை மாச வெயிலிலும் குளிருதுன்னு கம்பளி கேட்டாங்க. தைராய்டு, லெப்டின் வழியா இந்தச் சிக்கன உத்தரவு போகுதுன்னு இப்போ தெரியும். அன்றைக்கு லெப்டின் என்ற பேரே இல்லை, அது 1994-ல் வந்தது.

மனசு? நாள் பூரா சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேகரிச்சாங்க. தட்டை நக்கினாங்க. ஒருத்தர் விறகு வெட்டும்போது கோடாலியால் தன் மூணு விரலை வெட்டிக்கிட்டார். வேணும்னு செஞ்சாரா, கைதவறி நடந்ததா என்று அவருக்கே தெளிவா சொல்ல முடியலை.

அப்புறம் சாப்பாடு திரும்பக் கொடுத்தப்போ, தசை திரும்புறதுக்கு முன்னாடியே கொழுப்பு திரும்பிச்சு. பழைய அளவைத் தாண்டியும் போச்சு. கடுமையா டயட் இருந்து விட்டவங்க, இந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசிங்க.

நடுவில் சென்னையில் நடந்த ஒரு சின்னக் கதையும் இதில் சேரணும், ரொம்பப் பேருக்குத் தெரியாது. 1920-களின் கடைசி, 30-களின் தொடக்கத்தில் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் எலினோர் மேசன் என்ற பேராசிரியை தென்னிந்தியப் பெண்களின் பி.எம்.ஆர்.-ஐ அளந்தார். கூட்டாளி பாஸ்டனின் பிரான்சிஸ் பெனடிக்ட், அந்தத் துறையில் அன்றைய பெரிய பேர். முதல் உலகப்போரின்போதே கல்லூரி மாணவர்களைக் குறைந்த உணவில் வச்சு இதே சிக்கனத்தைப் பார்த்தவர். 1931-ல் வெளிவந்த முடிவு: தென்னிந்தியப் பெண்களின் பி.எம்.ஆர். அமெரிக்க அளவுகோலைவிட சுமார் 17 சதவீதம் குறைவு.

ஏன்? வெப்ப நாடு என்றார்கள், இனம் என்றார்கள், தளர்ந்து படுக்கிற பழக்கம் என்றார்கள். அளவெடுத்தவர்கள் கவனமா அளந்தாங்க, அதில் குறை சொல்ல முடியாது. ஆனா 'இந்தியனுக்கு இயல்பாவே குறைவாப் போதும்' என்ற வாசிப்புக்கு அந்த எண் ரொம்ப வசதி. 1877-ல் 'ஒரு பவுண்டு போதும்' என்றதுக்கும் இதுக்கும் தூரம் அதிகமில்லை.

இதை அவிழ்த்தவங்க பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரங்க. 1980-90களில் பிரகாஷ் ஷெட்டி, மரியோ சோரஸ், அனுரா குர்பட் போன்றவர்கள். மெலிந்த கூலித் தொழிலாளிகளையும் நல்லா சாப்பிட்டு வளர்ந்தவர்களையும் அளந்து, கொழுப்பைக் கழிச்சு, தசையும் உறுப்புமான எடைக்குக் கணக்குப் போட்டா அந்த மர்ம வித்தியாசம் பெரும்பாலும் கரைஞ்சு போகுது. 1998-ல் இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்டப்போ பி.எம்.ஆர்.-ல் இனத்துக்குப் பங்கு இருப்பதாகத் தெரியலை. தமிழ் உடம்புக்கென்று தனி அடுப்பு கிடையாது. உடம்பு சின்னது, தசை குறைவு. அவ்வளவே.

சரி, கருங்கல் அக்காவுக்கு வருவோம்.

இவங்க பஞ்சத்தில் இல்லை. 78 கிலோ. ஆனா உடம்புக்கு டயட் எது, பஞ்சம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 1995-ல் ரூடால்ஃப் லைபல் குழு காட்டினது இது: எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களின் மொத்தச் செலவு, அந்தப் புது எடைக்கு எதிர்பார்ப்பதைவிட இன்னும் சுமார் 15 சதவீதம் கீழே இறங்கியிருந்தது. பசியும் கூடும். அப்போ ஆறு கிலோ குறைஞ்சதும் முள் நின்னுச்சுன்னா, அது உடம்பு தன் வேலையைச் செய்ததுக்கு அடையாளம். அவங்க பொய் சொன்னதுக்கு அடையாளம் இல்லை.

ஆனா இதோட நிறுத்தினா நான் பாதி உண்மை சொன்ன ஆள் ஆயிடுவேன். 1992-ல் இன்னொரு ஆய்வு. 'எவ்வளவு குறைச்சாலும் எடை இறங்கலை' என்று வந்தவங்களை உண்மையாவே அளந்தாங்க. மெட்டபாலிசம் சரியா இருந்தது. அவங்க எழுதிக் கொடுத்ததைவிட உண்மையில் சாப்பிட்டது ரொம்ப அதிகம், சுமார் பாதி கணக்கில் வரலை. பொய் இல்லைங்க அது. மனுஷக் கணக்கு அப்படித்தான். நம்ம ஊரில் அந்தக் கணக்கில் வராத சாமான் பேரு தேங்காய். துருவல் நூறு கிராம் 400 கலோரிக்குப் பக்கம். அவியல்ல, துவரன்ல, வறுத்தரைச்ச கறியில, புட்டுக்குழல்ல அடுக்கடுக்கா. யாரும் 'இன்னைக்குத் தேங்காய் சாப்பிட்டேன்'னு சொல்றதில்லை. மூணு டீ சர்க்கரையும் அப்படித்தான்.

உடம்பு மிச்சம் பிடிக்கிறதும் உண்மை, நாம எண்ண மறக்கிறதும் உண்மை. ரெண்டையும் ஒரே மேசையில வச்சுப் பேச ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம் வேணும். ஓ.பி.யில அது கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு.

அந்த அக்காவுக்கு என்ன செஞ்சேன்? தைராய்டு பார்த்தேன், சரியா இருந்தது. சாப்பாட்டை இன்னும் குறைக்கச் சொல்லலை, அங்கேதான் பலர் வழுக்குறோம். அந்தக் கைப்பிடி சோறோட மீன், முட்டை, பயறு சேர்க்கச் சொன்னேன், தசை கரையக் கூடாது. வாரம் மூணு நாள் எடை தூக்கிச் செய்யும் பயிற்சி. வீட்டுல ரெண்டு தண்ணி பாட்டில் போதும். தேங்காயை ஒரு வாரம் மட்டும் கப்பில் அளந்து போடச் சொன்னேன், நிறுத்தச் சொல்லலை. 84-ல் 6 கிலோ என்றால் 7 சதவீதம், சுகருக்கு இதுவே பெரிய காரியம், இந்த 78-ஐ ஆறு மாசம் காப்பாத்தினாலே ஜெயிச்ச மாதிரிதான்னும் சொன்னேன். மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது, அதையும் சொன்னேன்.

கூட்டம் குறைவா இருந்த நாள். மினசோட்டா கதையையும் கொஞ்சம் சொன்னேன். நல்லா கேட்டுட்டு இருந்தாங்க.

"அப்போ அந்தப் பயக்கள் எல்லாம் பின்ன சரியாயிட்டாங்களா டாக்டரே?"

பெரும்பாலும் சரியாயிட்டாங்க அக்கா, சிலருக்கு ரெண்டு மாசத்துல, சிலருக்கு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு வயசான பிறகு அவங்களே சொல்லியிருக்காங்கன்னேன்.

"அது வரைக்கும் பசிதானா?" என்றாங்க. ஆமாம்னேன். சீட்டை வாங்கிக்கிட்டு எழுந்தாங்க. இந்த வாரம் திரும்ப வந்தாங்க. எடை 78 தான். ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தாங்க: எந்த நாள் எத்தனை கப் தேங்காய் என்று.

- அரசு மருத்துவர், கருங்கல்